மதியம் இருபது நிமிடம்: படிக்கிறவர்களுக்கு ஒரு தூக்க வழிகாட்டி

மதியம் இரண்டு மணிக்குத் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊர் நூலகத்துக்குள் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கண் புத்தகத்தில் இருக்கும், பக்கம் திரும்பாது. ஒருவர் ஏற்கெனவே கோடு போட்ட வரிக்கு மறுபடியும் கோடு போட்டுக்கொண்டிருப்பார். படிக்கிற நேரத்தில் தூங்கினால் தப்பு என்று பிடிவாதமாக விழித்திருக்கிறார்கள். உள்ளே எதுவும் போவதில்லை.

அந்த நேரத்தில் ஒரு இருபது நிமிடம் கட்டையைச் சாய்த்து எழுந்தால் மிச்சப் பிற்பகலும் பிழைக்கும், காலையில் படித்ததும் கூடுதல் நாள் நிற்கும். ஆகவே மதியத் தூக்கத்தைப் படிப்பு அட்டவணைக்குள்ளேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எப்போது படுப்பது, எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். கண்டபடி தூங்கினால் தலைபாரமும் ராத்திரி முழுக்க விழிப்பும்தான் மிஞ்சும். பகலில் தூங்கியே பழக்கமில்லாதவர்கள், தூங்கிவிட்டு ‘நேரம் போச்சே’ என்று தவிப்பவர்கள், இரண்டு தரப்பையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தூங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

புதிதாகப் படிக்கும் பெயர், வருடம், சட்டப்பிரிவு எல்லாம் முதலில் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதியின் துணையோடுதான் பதிகின்றன. நீண்ட நாள் நிற்க வேண்டுமென்றால் அவை மூளையின் மேற்புறணியில் வேர் பிடிக்க வேண்டும். நம் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எடை போட்ட மூட்டைகள் வாசலில் அடுக்கிக் கிடக்கும். லாரி வந்து கிடங்குக்கு ஏற்றிப் போகிறவரை அடுத்த ஆள் நெல்லைக் கொட்ட இடம் கிடையாது; நடுவில் மழை பெய்தால் அடுக்கினதும் போச்சு. தூக்கம்தான் அந்த லாரி.

இது எப்படி நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் கவனிப்பது ‘ஸ்பிண்டில்’ என்ற மூளை அலைகளை. தூக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், அதாவது கண் அயர்ந்து சில நிமிடங்கள் கழிந்த பிறகு, இவை வரும். வினாடிக்குச் சுமார் 11 முதல் 16 துடிப்பு வேகத்தில், ஒவ்வொரு முறையும் ஓரிரு வினாடி ஓடி மறையும். அப்போது ஹிப்போகேம்பஸ் பகலில் பார்த்ததையும் படித்ததையும் வேகமாகத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. ஆழ்ந்த தூக்கம்தான் இதற்கு வேண்டும் என்பதில்லை. குட்டித் தூக்கத்திலேயே இரண்டாம் கட்டம் வந்துவிடுகிறது என்பதால்தான் இருபது நிமிடத்துக்கும் மதிப்பு.

இடம் காலியாவதையும் சோதித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேத்யூ வாக்கர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களையும் அவற்றுக்குரிய பெயர்களையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நண்பகலில் ஒரு சுற்று, மாலையில் இன்னொரு சுற்று. நடுவில் தூங்காதவர்களுக்கு மாலைச் சுற்றில் கற்கும் திறன் குறைந்திருந்தது. தூங்கியவர்களுக்குக் குறையவில்லை. அவர்கள் தூக்கத்தில் ஸ்பிண்டில் எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத் திறன் மீண்டிருந்தது.

படிக்கிற பிள்ளைகளிடம் நான் அதிகம் எடுத்துச் சொல்வது 2019-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆய்வு. இளைஞர்களுக்கு எறும்பு, நண்டு வகைகளைப் பற்றிய நுணுக்கமான தகவல்களைப் பாடமாகக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மணி நேரத்தைச் சிலர் தூங்கிக் கழித்தார்கள், சிலர் சும்மா இருந்தார்கள், சிலர் அதையும் விடாமல் படித்தார்கள். அரை மணி கழித்து வைத்த தேர்வில் தூங்கியவர்களும் விடாமல் படித்தவர்களும் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்டபோது, விடாமல் படித்தவர்களின் முன்னிலை கரைந்துபோயிருந்தது. தூங்கியவர்களின் முன்னிலை அப்படியே இருந்தது. நாளைக்கே பரீட்சை என்றால் மனப்பாடம் கைகொடுக்கலாம். மாதக்கணக்கில் படித்து எழுதுகிற தேர்வுக்கு எது தேவை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்துக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் ராமானுஜனுக்குக் கனவில் நாமகிரித் தாயார் கணக்குச் சொன்னதை இழுப்பார்கள். அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. நமக்கு, படித்தது மறக்காமல் இருந்தால் போதும்.

முதலில் இரவுக் கணக்கைப் பாருங்கள்

மதியத் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு மாற்று கிடையாது. 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், பெரியவர்களுக்குக் குறைந்தது 7. ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்துவிட்டு மதியம் ஈடுகட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு ராத்திரியைச் சரிசெய்யப் போகலாம்.

அதே சமயம் படுக்கையில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம் ஆகிவிடாது. சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. கணினியில் தரவு ஏற்றும் வேலை கொடுத்து, கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர்கள் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம் என்று காரணங்களை நாமே சொல்லிவிடலாம். இரவுத் தூக்கத்தை அரை மணி போலக் கூட்டிப் பார்த்ததில் வேலையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மதியம் அரை மணி தூங்க இடம் கொடுத்தபோது வேலைத்திறன், கவனம், மனநிலை எல்லாம் கூடின. ஆனால் தூங்கிய அரை மணி வேலை நேரத்தில் கழிந்துவிடுகிறது. விடாமல் வேலை பார்த்தவர்களைவிடச் சம்பாத்தியம் கூடவில்லை. படிக்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, மணிக்கணக்குக்கு யாரும் நமக்குக் கூலி தருவதில்லை.

எப்போது படுப்பது

ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள். இதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் என்று நினைக்கிறோம். ‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ என்று பழமொழியே வைத்திருக்கிறோம். உண்மையில் உடலின் உள்கடிகாரத்திலேயே அந்த நேரத்தில் ஒரு சரிவு இருக்கிறது; மதியம் சாப்பிடாமல் விட்டாலும் வரும். சாப்பாடு அதைக் கூட்டிவிடும், அவ்வளவுதான். நம் கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். சாமிக்கே ஓய்வு கொடுக்கிற ஊரில் படிக்கிற பிள்ளைக்கு இருபது நிமிடம் கொடுக்கலாம்.

மூன்று மணிக்கு மேல் படுக்காதீர்கள். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்துக்கு அழுத்தம் கொடுக்கும். சாயந்திரம் தூங்கினால் அந்த அழுத்தம் கரைந்துபோய், ராத்திரி பதினொன்றுக்குப் படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். காலை ஆறு மணிக்கு எழுகிறவர்கள் ஒன்றரைக்கும், நாலரைக்கே எழுந்து படிக்கிறவர்கள் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் படுக்கலாம். எந்த நேரம் என்று முடிவு செய்தாலும் தினமும் அதே நேரம். பழக்கம் பிடிக்க இதுதான் முக்கால்வாசி.

எவ்வளவு நேரம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

10 முதல் 20 நிமிடம் என்பது தொடங்குகிறவர்களுக்கான அளவு. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2006-இல் 5, 10, 20, 30 நிமிடத் தூக்கங்களை ஒப்பிட்டார்கள். முந்தின இரவு குறைவாகத் தூங்கியவர்கள்தான் அதில் பங்கேற்றார்கள். 5 நிமிடத்தில் பெரிதாகப் பலன் இல்லை. 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனே தெளிவாக இருந்தார்கள், அந்தத் தெளிவு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நின்றது. 30 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்ததும் கொஞ்ச நேரம் மந்தமாக இருந்து, பிறகுதான் தேறினார்கள். தெளிவு ஒரு பக்கம், நினைவு இன்னொரு பக்கம். நினைவுக்கும் குறைந்த நேரமே சில சமயம் போதுகிறது: ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் 2008-இல் நடந்த ஆய்வில், வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுச் சுமார் 6 நிமிடம் தூங்கியவர்கள்கூட விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

அடுத்த அளவு ஒன்றரை மணி நேரம். ஒரு முழுத் தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவு வரும் தூக்கம் மூன்றும் அதில் வந்துவிடும். சாரா மெட்னிக் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணால் பார்த்துப் பழகும் ஒரு திறனில் 60 முதல் 90 நிமிடத் தூக்கம் ஓர் இரவுத் தூக்கத்துக்கு ஈடான முன்னேற்றத்தைக் கொடுத்தது. ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் சேர்ந்து வந்தவர்களுக்குத்தான் அந்தப் பலன். ஸ்டடி லீவில், முந்தின இரவு தூக்கம் கெட்டிருந்தால், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இதை வைத்துக்கொள்ளலாம். தினமும் வேண்டாம், ராத்திரித் தூக்கம் அடி வாங்கும்.

தவிர்க்க வேண்டியது நடுவில் இருக்கிறது: 40, 50 நிமிடம். சுமார் அரை மணிக்கு மேல் போனால் பெரும்பாலானவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவார்கள். அதன் நடுவில் அலாரம் அடித்தால், எழுந்தும் எழாத நிலையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். ‘எனக்கு மத்தியானம் தூங்கினா ஒத்துக்காது’ என்று சொல்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக முக்கால் மணியோ ஒரு மணியோ தூங்குகிற ஆட்களாக இருப்பார்கள்.

கண் அயரவே ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். ஆகவே அலாரத்தை 25 நிமிடத்துக்கு வையுங்கள். ஸ்னூஸ் பொத்தான் இல்லாத பழைய டைம்பீஸ் வீட்டில் இருந்தால் ரொம்ப நல்லது.

படுப்பதற்கு முன் என்ன படிப்பது

எதைச் செய்துவிட்டுப் படுக்கிறீர்களோ அதைத்தான் மூளை எடுத்துப்போகும். வெறுமனே களைப்பு தீர்க்கத் தூங்குவதற்கும் படிப்புக்காகத் தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

காலையில் பழைய பாடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பதினொன்றரை மணி வாக்கில் புதிய பகுதியைத் தொடங்குங்கள். மனத்தில் நிற்க மறுக்கிற பகுதியாக இருக்கட்டும்: அரசியலமைப்பின் அட்டவணைகள், தனிம வரிசை, தாவரக் குடும்பங்கள், இலக்கணத்தில் புணர்ச்சி விதி. ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றேகால் மணி. அதற்கு மேல் போனால் கடைசிப் பக்கங்களை வெறுமனே கடந்துபோவீர்கள்.

சாப்பிட எழுவதற்கு முன் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். அழகாக எழுத வேண்டாம், வரிசைகூட வேண்டாம். விட்டுப்போனதைப் புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சிவப்பு மையில் சேர்த்துவிட்டு, தாளை மேசையில் கவிழ்த்து வையுங்கள். எழுந்த பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

கணக்கு, இயற்பியல் போன்றவற்றுக்கு ஒரு சின்ன மாற்றம். விடை வராமல் மாட்டிக்கொண்ட கணக்கை அப்படியே பாதியில் வைத்துவிட்டுப் படுக்கலாம். எழுந்து பார்த்தால் வழி தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். இதில் நான் உறுதி தரமாட்டேன். சூத்திரங்களை நினைவில் நிறுத்துவதற்கு மட்டும் உறுதி தருகிறேன்.

சாப்பாடு

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பகுதி கசக்கும். ஒரு தட்டுச் சோறு குழம்பு ஊற்றி, மறு சோறு ரசத்துக்கு, கடைசியில் தயிர் என்று மூன்று சுற்று போனால் இருபது நிமிடத்தில் எழ முடியாது. எழுந்தாலும் வயிறு எழவிடாது. படிப்பு நாட்களில் சோற்றைப் பாதியாக்கி, காய், கீரை, பருப்பு, முட்டை, மீன் என்று பக்கத்தில் இருப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் பதினைந்து இருபது நிமிடம் இடைவெளி விடுங்கள். தெருக்கோடி வரை நடந்து வந்தால் சரியாக இருக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். கல்யாண வீட்டுப் பந்தி சாப்பிட்ட நாளில் இந்த விதியெல்லாம் செல்லாது, அன்றைக்குத் தூங்கி எழுங்கள்.

காபியில் ஒரு தந்திரம் உண்டு. காஃபின் உடலில் வேலையைத் தொடங்க இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால் படுப்பதற்குச் சற்று முன் காபி குடித்துவிட்டு உடனே படுத்தால், அலாரம் அடிக்கிற நேரமும் காபி ஏறுகிற நேரமும் ஒன்றாக வரும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களை வைத்து இதைச் சோதித்து, காபி மட்டும் அல்லது தூக்கம் மட்டும் என்பதைவிட இரண்டும் சேர்ந்தது நன்றாக வேலை செய்வதாகக் கண்டார்கள். டிகிரி காபியை ஆற்றி ஆற்றி ரசித்துக் குடித்தால் கணக்கு தவறிப்போகும், அரை டம்ளர் போதும். காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், ராத்திரித் தூக்கம் சட்டென்று கெடுகிற உடம்புக்காரர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

எங்கே படுப்பது

தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், காங்கிரீட் கூரைக்கு நேர் கீழே உள்ள மாடி அறையில் அது நடக்காது. வெயிலை வாங்கின தளம் மதியம் முழுக்க உள்ளே சூட்டை இறக்கும். கீழ்வீட்டுக் கூடம், ஓட்டு வீடு, காற்று வரும் திண்ணை, இவைதான் நல்ல இடம். சிவப்புக் காவித் தரை இருந்தால் கொடுத்து வைத்தவர்கள். ஒரு கோரைப்பாயை விரித்துப் படுக்கலாம். மெத்தை வேண்டாம், சூட்டைப் பிடித்து வைக்கும், எழவும் மனசு வராது. கை, கால், முகம், பின்கழுத்து எல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்காமல் அப்படியே ஃபேனுக்குக் கீழே படுத்தால் ஐந்து நிமிடத்தில் கண் சொக்கும். கரண்ட் போனால் பனையோலை விசிறி. வீசிக்கொண்டே தூங்க முடியாதுதான், ஆனால் கண் மூடிக் கிடக்கலாம்.

தோப்பு வீட்டுக்காரர்கள் மர நிழலில் கட்டில் போட்டுப் படுப்பது உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த பிறகு பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் அந்த நிழலில் பெரும்பகுதி போய்விட்டது. புதுக் கன்றுகள் இப்போதுதான் வளர்ந்துவருகின்றன. வேம்பு, புங்கை எது கிடைத்தாலும் சரி, எறும்புப் புற்று இல்லாத இடமாகப் பாருங்கள்.

நூலகத்தில் இருப்பவர்கள் கையை மடித்து மேசைமேல் வைத்து அதில் நெற்றியைச் சாய்க்கலாம். காலேஜ் முடிந்து கிராமத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதுவே போதும். உட்கார்ந்தபடி தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவது குறைவு, நம் நோக்கத்துக்கு அது ஒரு வகையில் வசதிதான். இறங்க வேண்டிய ஊரை மட்டும் கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள்.

போன்

படுத்துக்கொண்டு பார்க்காதீர்கள். வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. படித்தவுடன் புதிதாக எதையாவது மூளைக்குள் திணித்தால், அப்போதுதான் படித்தது நிற்பது குறைகிறது. எடின்பரோவில் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வயதானவர்களுக்கு ஒரு சிறு கதையைச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் மங்கலான வெளிச்சத்தில் கண்ணை மூடிச் சும்மா இருக்கவிட்டார்கள். இன்னொரு கதையைச் சொல்லிவிட்டு, படங்களில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்துக் கேட்டபோது, சும்மா இருந்தபோது கேட்ட கதைதான் கூடுதலாக நினைவில் நின்றிருந்தது. விளையாட்டுக்குப் பதில் ரீல்ஸ் என்று வைத்துக்கொண்டால் நம் வீட்டுக் கதைதான்.

இந்த ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. அவர்கள் தூங்கவே இல்லை. ஆகவே முதல் ஒரு வாரம் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். அதே நேரத்துக்குப் படுங்கள், கண்ணை மூடுங்கள், அலாரம் அடிக்கும்வரை எழாதீர்கள். தூங்கியே தீர வேண்டும் என்று முயற்சி செய்தால் அது ஓடியே போகும். மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு, காலையில் தாளில் எழுதியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு கிடந்தால், ஒரு நாள் இரண்டாவது வரியிலேயே கண் அசந்துவிடும்.

எழுந்த பிறகு

அலாரம் அடித்ததும் உட்கார்ந்துவிடுங்கள். முகத்தைக் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, வெளிச்சம் படுகிற இடத்தில் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். இப்போது புதுத் தாள் எடுத்து, படுப்பதற்கு முன் எழுதிய அதே பாடத்தை மறுபடி எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் கவிழ்த்து வைத்த தாளைத் திருப்ப வேண்டும். சிவப்பு மையில் சேர்த்தவற்றில் எத்தனை இப்போது தானாக வந்திருக்கின்றன என்று பாருங்கள். இந்தத் தாள்களைத் தேதி போட்டு வைத்திருந்தால், மதியத் தூக்கம் உங்களுக்கு ஒத்துவருகிறதா இல்லையா என்று பத்துப் பதினைந்து நாளில் உங்கள் கையெழுத்தே சொல்லிவிடும். ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள்.

அதன் பிறகு புதிய பாடம். காலியான இடத்தில் புது மூட்டை இறக்க இதுதான் நேரம்.

வீட்டில் என்ன சொல்வது

“படிக்கிற புள்ளைக்குப் பகல்ல என்னடா தூக்கம்?” என்று அப்பாயி கேட்டால் கோபப்படாதீர்கள். பகலில் தூங்கக் கூடாது என்று சித்த மருத்துவத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள், அவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதையும் பொதுவாக வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் கோடைக்காலத்துக்கு விலக்குக் கொடுக்கிறது, பாடியும் படித்தும் களைத்தவர்களுக்கும் விலக்குக் கொடுக்கிறது. இதையெல்லாம் அவரிடம் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, “ரெண்டு மணிக்கு எழுப்பி விடு அப்பாயி” என்று பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். எந்த அலாரமும் அந்த அளவுக்கு நேரம் தவறாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை மணிக்குப் பையன் பாயை விரிக்கிற அதே நேரத்தில், அதே பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சி கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். பல வீட்டில் இதுதான் வழக்கம். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் இரண்டேகால் மணி வரை அது எங்கேயும் போகாது. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டாலும் சரி.

சின்னப் பிள்ளைகளும் வாத்தியம் கற்பவர்களும்

பால்வாடியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைப் படுக்க வைப்பதை நேர விரயம் என்று எண்ணி, அந்த நேரத்தில் ஏபிசிடி சொல்லிக்கொடுக்கச் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான ஆய்வில், காலையில் படங்களின் இடத்தை நினைவில் வைக்கும் விளையாட்டைக் கற்ற பிள்ளைகளில் மதியம் தூங்கியவர்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். வழக்கமாக மதியம் தூங்குகிற பிள்ளைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. அவர்களைத் தூங்கவிடாமல் வைத்தபோது விட்டுப்போனதை, அன்றிரவுத் தூக்கமும் மீட்டுத் தரவில்லை. நாலு வயதுப் பிள்ளை தானாகக் கண்ணைச் சொருகினால் தூங்க விடுங்கள்.

திருவையாறு இசைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், குருவிடம் தவில், நாகஸ்வரம், வீணை கற்கிறவர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. விரல் பழக்கமும் ஒரு நினைவுதான். 2007-இல் வெளியான ஒரு ஆய்வில், இடது கை விரல்களால் ஒரு எண் வரிசையைத் தட்டப் பழகியவர்களில், மதியம் ஒன்று ஒன்றரை மணி தூங்கியவர்கள் மேலும் பழகாமலேயே வேகம் கூடியிருந்தார்கள். ஆகவே காலைச் சாதகத்தின் கடைசியில் கைக்கு வராத அந்த ஒரு பிரயோகத்தை மெதுவான காலத்தில், பிசிறில்லாமல் சில முறை வாசித்துவிட்டு எழுந்திருங்கள். தப்பும் தவறுமாக வேகமாக வாசித்துவிட்டுப் படுத்தால் அந்தத் தப்பும் சேர்ந்து பதியும்.

யாருக்கு வேண்டாம்

ராத்திரி தூக்கமே வராமல் அவதிப்படுகிறவர்கள் முதலில் பகல் தூக்கத்தை நிறுத்த வேண்டும். எட்டு மணி நேரம் தூங்கியும் பகல் முழுக்கக் கண் இழுக்கிறது, பலமாகக் குறட்டை வருகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத்தடை என்று ஏதாவது இருக்கலாம், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மனச்சோர்வில் இருப்பவர்களுக்குப் பகல் தூக்கம் சில சமயம் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும். இருபது நிமிடம் மூன்று மணி நேரமாக நீள்வதை வீட்டில் உள்ளவர்கள் கவனித்தால் திட்டாமல் பேச்சுக் கொடுங்கள்.

பரீட்சை நெருங்கும்போது

டிஎன்பிஎஸ்சி தேர்வுகள் பெரும்பாலும் காலையில் நடப்பதால் மதியப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. நீட் எழுதுகிறவர்களுக்குத்தான் சிக்கல். தேர்வு தொடங்குவதே மதியம் இரண்டு மணிக்கு, சரியாக அந்தச் சரிவு நேரத்தில். ஒன்றரைக்கு வாசல் கதவை மூடிவிடுவார்கள். தினமும் இரண்டு மணிக்குத் தூங்கிப் பழகிய உடம்பு அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுக்காது. எனவே கடைசி இரண்டு மூன்று வாரம் தூக்கத்தைப் பதினொன்றரை மணிக்கு முன்னால் தள்ளிவிடுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மாதிரித் தேர்வை இரண்டிலிருந்து ஐந்துக்குள் உட்கார்ந்து எழுதுங்கள். அன்றைய மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்குள், தயிர்சாதம் போல லேசாக. தேர்வு நாளில் மையத்துக்குப் போகிற வண்டியிலேயே கண்ணை மூடிக்கொள்ளலாம். ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் மட்டும் கூட வருகிறவரிடம் கொடுத்து வையுங்கள்.